மைனஸ் 18 டிகிரி, நின்றுபோன ஃபர்னஸ், ஒரு கையெழுத்து: கனடா வீடுகளைச் சுற்றும் 'ஹீட்டர்' வலை!

ஜனவரி மாத இரவு. ஸ்கார்பரோவில் இருக்கும் தோழியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட். "வீட்ட ஃபர்னஸ் நிண்டுட்டுது. வெளியில மைனஸ் பதினெட்டு. அம்மா மூண்டு ஸ்வெட்டர் போட்டுட்டு சோஃபாவுல சுருண்டு கிடக்கிறா. நெட்ல தேடி ஒராளைக் கூப்பிட்டிருக்கிறன். பாப்பம்."

ஒன்றரை மணி நேரம் கழித்து அடுத்த வாய்ஸ் நோட். "வந்தவர் பத்து நிமிஷம்தான் பார்த்தவர். ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல வெடிப்பாம். பாய்சன் கேஸ் லீக் ஆகுமாம். இண்டைக்கே புதுசு போடோணுமாம். காசு இப்ப வேண்டாம், மாசம் 120 டாலர் வாடகை, டேப்லெட்ல ஒரு கையெழுத்து வைச்சா காணுமாம்."

சென்னையில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து இதைக் கேட்கும்போது, 'ஹீட்டர் ரிப்பேர்தானே, மாத்திட்டுப் போக வேண்டியதுதானே' என்றுதான் தோன்றும். ஆனால், தோழி கையெழுத்துப் போடவில்லை. காரணம், இதே வீட்டில் 2016-ல் அவருடைய அம்மா போட்ட இன்னொரு கையெழுத்து. அந்தக் கதைக்குள் போனால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2024-ல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டிவந்ததற்கான காரணமும் புரியும்.

ஃபர்னஸ்னா என்ன பாஸ்?

நம் ஊர் ஆட்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடலாம். ஒன்டாரியோவின் பெரும்பாலான தனி வீடுகளில் அடித்தளத்தில், அதாவது பேஸ்மென்ட்டில், பீரோ சைஸில் ஒரு பெட்டி நிற்கும். அதுதான் ஃபர்னஸ். உள்ளே கேஸ் எரியும். அந்தச் சூட்டை ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற உலோகக் குழாய்கள் வாங்கிக்கொள்ளும். ஒரு பெரிய மோட்டார் வீட்டுக் காற்றை அந்தக் குழாய்களின் மேல் ஊதி, தகர டக்ட் வழியாக ஒவ்வொரு அறைக்கும் அனுப்பும். எரிந்த கேஸின் புகை தனிக் குழாயில் வெளியே போய்விடும். இரண்டும் கலக்கக் கூடாது. கலந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வந்துவிடும். 'வெடிப்பு' என்ற ஒரு வார்த்தைக்கு அங்கே அவ்வளவு பயம் இருப்பது இதனால்தான். பயம் நியாயமானது. அந்த நியாயமான பயத்தை வைத்து வியாபாரம் பண்ணுவதுதான் பிரச்னை.

இன்னொரு விஷயம், நேரம். நம்ம ஊரில் ஏசி ரிப்பேர் ஆனால் வியர்வையோடு இரண்டு நாள் ஓட்டலாம். மைனஸ் 18-ல் அது முடியாது. சில மணி நேரத்தில் வீடு குளிர்ந்துவிடும். நீண்ட நேரம் விட்டால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். நான்கு கடை ஏறி விலை விசாரிக்க அவகாசமே இல்லை. விற்பவருக்கு இது நன்றாகவே தெரியும்.

2016-ல் போட்ட கையெழுத்து

இப்போது அம்மாவின் கதை. 2016-ல் ஒரு மாலை. கதவைத் தட்டியவர் கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். 'உங்கள் வாட்டர் ஹீட்டர் பழசு, அரசாங்கத் திட்டத்தில் புதுசு மாற்றித் தருகிறோம்' என்று ஆரம்பித்திருக்கிறார். "பெடியன் நல்ல தமிழ்ல கதைச்சவன், பிள்ளை. எங்கட ஆள்தானே எண்டு கையெழுத்துப் போட்டனான்" என்று அம்மா இப்போதும் சொல்வாராம்.

அது வாங்கியது அல்ல, வாடகை என்பதே இரண்டு மாதம் கழித்து பில் வந்தபோதுதான் வீட்டில் தெரிந்தது. மாதாமாதம் கட்டிவந்தார்கள். ஆறு வருடம் கழித்து, 2022-ல் வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றப் போனபோது வக்கீல் கேட்டிருக்கிறார்: "உங்கள் வீட்டுப் பத்திரத்தில் ஒரு நோசி இருக்கே, தெரியுமா?"

தெரியாது. யாரும் சொல்லவில்லை. அதை நீக்க, ஒப்பந்தத்தை முடித்து வாங்கிக்கொள்ளச் சொன்னது அந்த நிறுவனம். கேட்ட தொகை, கடையில் புது வாட்டர் ஹீட்டர் விற்கும் விலையைவிடப் பல மடங்கு. கடன் மாற்ற வேண்டிய தேதி நெருங்கியதால் வேறு வழியில்லாமல் கட்டினார்கள்.

அது என்ன 'நோசி'?

நோட்டீஸ் ஆஃப் செக்யூரிட்டி இன்ட்ரெஸ்ட். சுருக்கமாக நோசி. 'இந்த வீட்டில் பொருத்தப்பட்டிருக்கும் இந்தச் சாதனத்தில் எங்களுக்கு உரிமை இருக்கிறது' என்று ஒரு நிறுவனம் நிலப் பதிவேட்டில் போட்டுவைக்கும் குறிப்பு. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், வில்லங்கச் சான்றிதழில் ஏறும் ஒரு வரி.

இதன் நோக்கம் தவறானது இல்லை. வாடகைக்கோ தவணைக்கோ கொடுத்த ஃபர்னஸை வீட்டோடு சேர்த்து விற்றுவிட்டால், கொடுத்த நிறுவனம் நஷ்டப்படக் கூடாது. நேர்மையாக வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கு அது ஒரு பாதுகாப்பு.

ஆனால், நடைமுறையில் என்ன ஆனது? வீட்டு உரிமையாளருக்குத் தெரியாமலே பதிவு ஏறியது. பொருளின் மதிப்பைவிட மிக அதிகத் தொகைக்கு ஏறியது. ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர், தண்ணீர் ஃபில்டர் என ஒரே வீட்டில் பல நோசிகள் குவிந்தன. விற்கவோ மறுகடன் வாங்கவோ போகும் அன்றுதான் தெரியவரும். அந்த நேரத்தில் பேரம் பேச முடியாது. கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். இதில் அதிகம் மாட்டியவர்கள் வயதானவர்கள். அந்தத் தொகையைக் கட்டுவதற்காக அதிக வட்டியில் வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுக்க வைத்த மோசடிகளும் நடந்தன.

சட்டம் வந்தது... முடிந்ததா?

ஒன்டாரியோ இதில் இரண்டு கட்டமாக இறங்கியது.

முதல் கட்டம், 2018 மார்ச் 1. ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர், தண்ணீர் சுத்திகரிப்பான், டக்ட் சுத்தம் செய்யும் சேவை போன்றவற்றை அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து விற்பது தடை செய்யப்பட்டது. தடையை மீறிப் போடப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. பொருளைப் பணம் கட்டாமலே வைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்குக் கடுமை. நாமே கூப்பிட்டு வந்து வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தம் என்றாலும், 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம்.

இரண்டாம் கட்டம், 2024 ஜூன் 6. வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம். நுகர்வோர் சாதனங்களுக்காக நிலப் பதிவேட்டில் நோசி போடுவதே இனி முடியாது. ஏற்கெனவே இருந்தவையும் காலாவதியானதாகக் கருதப்படும். பதிவேட்டிலிருந்து அந்த வரியை நீக்க உரிமையாளர் விண்ணப்பிக்கலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால், அது எதைச் செய்யவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நோசி போய்விட்டது, ஒப்பந்தம் போகவில்லை. வாடகை பாக்கி என்று நிறுவனம் வழக்கு போடலாம், வசூல் ஏஜென்சியிடம் கொடுக்கலாம், கிரெடிட் ஸ்கோரில் கை வைக்கலாம். வீட்டுப் பத்திரம் என்கிற பெரிய பிடி மட்டுமே அவர்கள் கையைவிட்டுப் போயிருக்கிறது.

2018 தடையும் முழுக் கதவையும் மூடவில்லை. வாசலில் விற்கத்தான் தடை. 'எனர்ஜி ஆடிட் இலவசம்', 'அரசு ரிபேட் வாங்கித் தருகிறோம்' என்று சமூக வலைதளத்தில் விளம்பரம் செய்து, நம்மையே 'வாங்க' என்று சொல்ல வைத்துவிட்டால்? அப்போது நாம் அழைத்ததாகிவிடும். தோழி வீட்டில் நடந்ததும் அதுதான். குளிரில் நடுங்கி அவரேதான் போன் செய்தார்.

அரசு உதவியே தூண்டில் ஆனது எப்படி?

இந்த வியாபாரம் செழித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அரசுத் திட்டங்கள் வருவதும் போவதுமாக இருப்பது.

மத்திய அரசு 2021-ல் கிரீனர் ஹோம்ஸ் கிரான்ட்டைக் கொண்டுவந்தது. ஹீட் பம்ப், இன்சுலேஷன், ஜன்னல் மாற்றம் போன்றவற்றுக்கு 5,000 டாலர் வரை மானியம். 2024 தொடக்கத்தில் புது விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. 40,000 டாலர் வரையிலான வட்டியில்லாக் கடன் திட்டமும் 2025 அக்டோபரோடு புதியவர்களுக்கு மூடப்பட்டது. இடையில் 2025 ஜனவரியில், செலவில் 30 சதவீதம் வரை திருப்பித் தரும் திட்டத்தை ஒன்டாரியோ தொடங்கியது. 2025 ஏப்ரல் 1-ல் வீட்டு கேஸ் பில்லில் இருந்த கார்பன் வரி நீங்கியது. அதனால் கேஸைவிட்டு மாறுவதற்கான அவசரம் பலருக்குக் குறைந்தது.

எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது சாதாரண ஆட்களுக்கு நினைவில் நிற்குமா? 'அரசாங்கம் பணம் தருகிறது' என்பது மட்டும் நிற்கும். அந்த அரைகுறை நினைவில்தான் விற்பனையாளர் நுழைகிறார். ரிபேட் என்பது பெரும்பாலும் வேலை முடிந்தபின், தகுதியான மாடலுக்கு, விதிமுறைப்படி விண்ணப்பித்தால் வருவது. 'ரிபேட் போக உங்களுக்கு ஃப்ரீ' என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால், அங்கேயே உஷாராகிவிட வேண்டும்.

ஹீட் பம்ப்: ஹைப்பா, நிஜமா?

இந்தத் தலைப்பில் ரீல்ஸ் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். ஹீட் பம்ப் என்பது நம் வீட்டு ஸ்பிளிட் ஏசியின் அண்ணன். ஏசி உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா? அதையே திருப்பிப் போட்டால், வெளியே இருக்கும் சூட்டை எடுத்து உள்ளே தள்ளும். 'மைனஸ் 10-ல் ஏது சூடு?' என்று கேட்கலாம். நமக்குத்தான் அது குளிர். அந்தக் காற்றிலும் வெப்ப ஆற்றல் இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த குளிரூட்டி திரவம் அந்த வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

ஹீட் பம்ப் வெப்பத்தை உற்பத்தி செய்வதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, மிதமான குளிரில் இரண்டு மூன்று யூனிட் சூடு கிடைக்கும். குளிர் கூடக் கூட இந்த லாபம் குறையும். கடும் குளிருக்கென வடிவமைக்கப்பட்ட மாடல்கள் மைனஸ் 25 வரையிலும் வேலை செய்யும். ஆனாலும் அதற்கு ஒரு துணை தேவைப்படும். மின்சார ஹீட்டரோ, இருக்கும் கேஸ் ஃபர்னஸோ துணைக்கு நிற்கும். கேஸ் மலிவாக இருக்கும் ஒன்டாரியோவில், மிதமான குளிருக்கு ஹீட் பம்ப், கடும் குளிருக்கு ஃபர்னஸ் என்கிற இரட்டை முறை நடைமுறைக்கு ஒத்துவரும். ஏற்கெனவே மின்சார பேஸ்போர்டு ஹீட்டரிலோ எண்ணெயிலோ ஓடும் வீடுகளுக்கு, மாறினால் மிச்சம் தெளிவாகத் தெரியும்.

இதில் கோடைக் கணக்கும் உண்டு. கனடா என்றால் குளிர் மட்டும்தான் என்ற நம் எண்ணத்தை 2021 ஜூன் மாற்றிவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி. அந்த வெப்ப அலையில் அந்த மாகாணத்தில் மட்டும் 619 பேர் இறந்தனர். அவர்களில் 98 சதவீதம் பேர் பாதிக்கப்பட்டது கட்டடங்களுக்குள்தான். குளிரைத் தாங்கக் கட்டிய வீடு, சூட்டை உள்ளேயே பிடித்துவைத்துக்கொண்டது. 2024-ல் வந்த அந்த மாகாணக் கட்டட விதிப்படி, புது வீடுகளில் ஓர் அறையாவது 26 டிகிரிக்கு மேல் போகாதபடி அமைக்க வேண்டும். ஒரே சாதனத்தில் சூடும் குளிர்ச்சியும் தரும் ஹீட் பம்ப்புக்கு மவுசு கூடியதில் ஆச்சர்யமில்லை.

ஆக, ஹீட் பம்ப் நிஜம். ஆனால், நடுராத்திரி ஃபர்னஸ் நின்றபோது முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது இல்லை. வீட்டின் அளவு, இன்சுலேஷன், மின் இணைப்பின் திறன் எல்லாம் கணக்குப் போட்டு, செப்டம்பரில் நிதானமாக எடுக்க வேண்டிய முடிவு.

அந்த 120 டாலர் கணக்கு

தோழியிடம் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 120 டாலர், 10 வருடம். 120 பெருக்கல் 120 மாதம், 14,400 டாலர். பல ஒப்பந்தங்களில் வருடா வருடம் வாடகை ஏறும் என்று ஒரு வரி வேறு இருக்கும். வரி தனி. சாதாரண வீட்டுக்கு ஒரு கேஸ் ஃபர்னஸை நேரடியாக வாங்கிப் பொருத்த, பொதுவாக இதில் பாதிகூட ஆகாது.

அப்படியென்றால் வாடகை எடுப்பவர்கள் ஏமாளிகளா? இல்லை. கையில் 5,000 டாலர் ரொக்கம் இல்லாத குடும்பத்துக்கு மாதம் 120 என்பது நிஜமாகவே மூச்சு விடும் வழி. வாடகையில் ரிப்பேர் செலவும் அடங்கியிருந்தால் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. மொத்தம் எவ்வளவு, எத்தனை வருடம், நடுவில் முடிக்க எவ்வளவு என்ற மூன்று எண்களும் முதல் பக்கத்திலேயே தெரிந்தால் அது ஒரு தேர்வு. தெரியாமல் போட்டால் அதுதான் வலை.

பேஸ்மென்ட்டில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு...

இங்கிருந்து படிக்கப் போன பலர் தங்கியிருப்பது இந்த ஃபர்னஸ் நிற்கும் பேஸ்மென்ட்டில்தான். தெர்மோஸ்டாட் மேல் மாடியில், ஓனர் கையில். கீழே பல் கிட்டும். 'வாடகை கம்மிதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்பார்கள்.

அட்ஜஸ்ட் பண்ண வேண்டியதில்லை. ஒன்டாரியோ வாடகைச் சட்டப்படி வெப்பம் ஓர் அத்தியாவசிய சேவை. ஓனர் அதை நிறுத்த முடியாது. டொரன்டோவில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது மாநகர விதி. இல்லையென்றால் 311-க்கு அழைத்துப் புகார் தரலாம். தேதி, நேரத்தோடு தெர்மாமீட்டரை போட்டோ எடுத்து வையுங்கள். கேஸ் சாதனம் இருக்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் சட்டப்படி கட்டாயம். குடிபோன அன்றே அது இருக்கிறதா என்று பாருங்கள். அலாரம் அடித்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு உட்காராமல், உடனே வெளியேறி 911-க்கு அழையுங்கள்.

ஆளைக் கூப்பிடும் முன் 10 நிமிஷம்

ஃபர்னஸ் நின்றால் முதலில் இவற்றைப் பாருங்கள். கேஸ் வாடை வந்தால் மட்டும் எதையும் தொடாமல் வெளியேறி, வெளியிலிருந்து போன் செய்யுங்கள்.

* தெர்மோஸ்டாட்டில் பேட்டரி இருக்கிறதா, 'ஹீட்' மோடில் இருக்கிறதா?
* ஃபர்னஸுக்குத் தனி சுவிட்ச் இருக்கும். பார்க்க லைட் சுவிட்ச் மாதிரியே இருப்பதால், தெரியாமல் அணைத்திருக்கலாம். பிரேக்கரையும் பாருங்கள்.
* ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கிறதா? காற்று போகாவிட்டால் ஃபர்னஸ் சூடேறி, பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.
* வெளிச்சுவரில் இருக்கும் வெள்ளைக் குழாய்களைப் பனி மூடியிருக்கிறதா?
* ஃபர்னஸ் கதவு சரியாக மூடியிருக்கிறதா? கொஞ்சம் விலகினாலும் ஓடாது.

இதற்குப் பிறகும் ஓடவில்லையா? ஆளைக் கூப்பிடுங்கள். ஒன்டாரியோவில் கேஸ் வேலை செய்ய உரிமம் வேண்டும், நிறுவனம் டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்வது மரியாதைக்குறைவு இல்லை. 'வெடிப்பு' என்றால், 'எங்க, காட்டுங்க, போட்டோ எடுத்துக்கிறேன்' என்று கேளுங்கள். ஆபத்து என்று ஃபர்னஸை அவர் நிறுத்தினால், அதை மறுபடி ஓட்டாதீர்கள். ஆனால், புதுசை அவரிடமேதான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு ராத்திரி உறவினர் வீட்டில் தூங்கிவிட்டு, காலையில் இன்னொருவரைக் கூப்பிடலாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சா? 10 நாள் தாண்டவில்லையென்றால் எழுத்துமூலமாக ரத்து செய்யுங்கள். பொய் சொல்லி விற்றிருந்தால், ஒரு வருடத்துக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள நுகர்வோர் சட்டத்தில் வழி இருக்கிறது. பழைய நோசி இருக்கிறதா என்று அறிய, மாகாண நிலப் பதிவேட்டு இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி வீட்டின் பதிவு நகலை எடுக்கலாம்.

கடைசி வாய்ஸ் நோட்

தோழி அன்று இரவு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வந்தவரை அனுப்பிவிட்டார். 'நாளைக்கு இந்த விலை இருக்காது' என்று சொல்லிவிட்டுப் போனாராம். அம்மாவும் மகளும் பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமி வீட்டில் படுத்தார்கள். மறுநாள் காலை உரிமம் உள்ள இன்னொரு டெக்னீஷியன் வந்தார். ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கேமரா விட்டுப் பார்த்தார். வெடிப்பு எதுவும் இல்லை. ஃபில்டர் மட்டும் தூசியில் அடைத்து, அட்டை மாதிரி ஆகியிருந்தது. புது ஃபில்டர் 20 டாலர், அவருடைய கூலி தனி. வீடு சூடானது.

"அம்மா இப்ப என்ன செய்யிறா தெரியுமே? வீட்டில இருக்கிற பழைய ஃபைல் எல்லாத்தையும் எடுத்து மேசையில வைச்சிருக்கிறா. 'இதையும் ஒருக்கா வாசிச்சுப் பார், பிள்ளை' எண்டு."

வெளிநாட்டில் அம்மா, அப்பா, சித்தப்பா என்று யாராவது சொந்த வீட்டில் இருக்கிறார்களா? அடுத்த வீடியோ காலில் 'சாப்பிட்டீங்களா'வுக்கு அடுத்து இதைக் கேளுங்கள்: "ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் நம்மளுதா, வாடகையா?" பதில் தெரியவில்லை என்றால், அந்த ஃபைலை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள்.